இடப்பக்கமே திரும்பும் சைக்கிள்

மூன்றாம் தடவையாக நாங்கள் கண்டியில் இறங்கிய அன்று, எங்கள் சைக்கிள் இரண்டையும் கோணிப் பொதியிலிருந்து பிரித்துக் கொடுத்த போர்ட்டர், "இந்த மழைக்கு ஓடம் கொண்டுவந்திருந்தால் பிரயோசனப்பட்டிருக்கும்" என்றான். சிங்களத்தில்தான் சொன்னான். என் வீட்டுக்காரருக்கு அந்தப் பாஷை வியாபாரம் பேசுகிற மட்டுக்கும் வரும். அவர்தான் எனக்கு எடுத்துச் சொன்னார். சொன்னவரும் சிரிக்கவில்லை, கேட்ட எனக்கும் சிரிப்பு வரவில்லை. நான் தூத்துக்குடி உப்பளத்து வெயிலில் வளர்ந்தவள். எங்கள் ஊரில் மழை வந்தால் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்போம். இங்கே மழை நம்மை வேடிக்கை பார்க்கிறது.

இவருக்குச் சைக்கிள் கம்பெனி வேலை. மாதிரிச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு கடைகடையாகப் போய் ஆர்டர் பிடிக்க வேண்டும். வருஷத்தில் ஒரு பருவம் இலங்கை. எங்களுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. "வீட்டில் தனியாக உட்கார்ந்து சுவரோடு பேசப் போகிறாயா?" என்று முதல் வருஷமே என்னையும் கூட்டிப் போனார். சைக்கிள் விடவும் அவரே கற்றுக்கொடுத்தார். ஊரில் நான் சைக்கிளில் ஏறினால் தெருவே கதவைத் திறக்கும். கண்டியில் எங்களை யாருக்குத் தெரியும்? துரைசானிகள் சைக்கிள் விடுகிற ஊர். கூட்டத்தோடு நானும் ஒருத்தி.

ஏரிக்கரை, பேராதெனியாப் பூந்தோட்டம், கட்டுகஸ்தோட்டைப் பாலம், ஹந்தானை மலையில் பாதி என்று இரண்டு பருவமும் சுற்றித் தீர்த்தோம். ஏற்றத்தில் தள்ளுவோம், இறக்கத்தில் விடுவோம். "நம்ம கல்யாணத்தில் நீ வாய் மூடியிருக்கிற நேரம் இறக்கத்தில் வருகிற நேரம்தான்" என்பார் இவர். உண்மைதான். அத்தனை பயம் எனக்கு.

தங்குவது சேகு முகம்மது வீட்டில். கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை. கடைக்குப் பின்னால் வீடு. வீட்டுக்குப் பின்னால் உயரமான மதில் கட்டிய முற்றம். இவருடைய பழைய வாடிக்கைக்காரர் அவர். அவர் மனைவி ஹாஜரா என்னைவிட நாலைந்து வயது இளையவள். முதல் நாள் வாசலில் நின்று, "வாங்கோ தாத்தா" என்று என்னைக் கூப்பிட்டாள். நான் பின்னால் எந்தக் கிழவர் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர்கள் பக்கத்தில் அக்காளைத்தான் அப்படிச் சொல்வார்களாம். அண்ணன் என்றால் நானா. அன்றிலிருந்து நான் அவளுக்குத் தாத்தா, இவர் நானா.

ஹாஜரா வெளியே போவதென்றால் திரை போட்ட வண்டியில்தான். அதுவும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை. நாங்கள் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தால் இடியப்பமும் கோழி ஆணமும் எடுத்து வைத்துவிட்டுச் சக்கரத்தில் ஒட்டியிருக்கிற சேற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். குழம்பை அவர்கள் ஆணம் என்கிறார்கள். தேங்காய்ப்பால் அவ்வளவு விடுவதால் எங்கள் ஊர்க் குழம்பு அதன் பக்கத்தில் வெந்நீர் மாதிரி. ஒரு நாள், "தாத்தா, அது விழாம எப்பிடி நிக்கிது?" என்று கேட்டாள். நிற்பதில்லை, ஓடுவதால்தான் விழாமல் இருக்கிறது என்றேன். "அப்ப ஓட்டித்தான் பாக்கணும்" என்றாள்.

கடையில் ஒரு லேடீஸ் சைக்கிள் கிடந்தது. எஸ்டேட் துரைசானி ஒருத்தி வரவழைக்கச் சொல்லிவிட்டு, அது வந்து சேருமுன் சீமைக்குக் கப்பலேறிவிட்டாள். சேகு முகம்மது நல்ல மனுஷர். "மதிலுக்குள்ள ஓடினா யாருக்கு என்ன?" என்று அதை முற்றத்துக்கு உருட்டிவிட்டார்.

முற்றத்தின் நடுவில் ஓர் ஈரப்பலா மரம். அதைச் சுற்றித்தான் விட முடியும். மரத்தை வலது கைப்பக்கம் வைத்துக் கிளம்பினால், தடுமாறுகிற முதல் இடத்திலேயே கிணறும் துவைகல்லும் இடிக்கும். ஆகவே மரத்தை இடது கைப்பக்கம் வைத்துச் சுற்ற வைத்தோம். நான் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். இவர் படியில் உட்கார்ந்து, "செக்கில் எண்ணெய் எப்போது வரும் தங்கச்சி?" என்று கேலி செய்தார். அவள், "கொள்ளு வச்சாத்தானே நானா மாடு சுத்தும்" என்று பதில் கொடுத்தாள். இரண்டாம் பருவத்தில் நாங்கள் போனபோது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சுற்றினாள். மரத்தைச் சுற்றி மண் வட்டமாகத் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. எங்கள் மூன்று பேரில் ஒருவருக்காவது ஒரு நாளாவது, எதிர்ப்பக்கமும் சுற்ற வைப்போமே என்று தோன்றவில்லை.

இந்த மூன்றாம் பருவம் எல்லாமே வேறு மாதிரி இருந்தது. தேயிலைக்கு விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ரயிலில் வந்துகொண்டிருக்க, எதிர் ரயில்களில் சட்டி பானை மூட்டையோடு குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நாவலப்பிட்டிப் பக்கத்து லயத்திலிருந்து, அதாவது தோட்டத்துக் கூலி வீட்டு வரிசையிலிருந்து, வந்த ஒருவர் கண்டி ஸ்டேஷனில் என்னிடம், "ஊர்ல யாரு இருக்கான்னு தெரியலம்மா, ஆனா போகச் சொல்லிட்டாங்க" என்றார். அவர் பிறந்ததே இங்கேதானாம்.

கடைத்தெருவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இவருடைய மாதிரிச் சாமான் பெட்டியை யாரும் திறக்கச் சொல்லவில்லை. சேகு முகம்மது மொத்த வியாபாரிகளிடம் தவணை கேட்கக் கொழும்புக்குப் போயிருந்தார். ஹாஜரா மெலிந்திருந்தாள். அன்று இரவு அவள் வைத்த ஆணத்தில் பால் குறைவாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் தேயிலைப் பெட்டி ஏற்றிவந்த லொறிக்காரர் ஒருவர் கடை வாசலில் நின்று சேதி சொன்னார். ஹாஜராவின் உம்மா தெல்தோட்டைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் தங்கையோடு இருந்தார். நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறதாம். "மவள்ட மொகத்தப் பாக்கணும் எண்டு செல்லிக்கொண்டே ஈக்கிறாவாம்" என்றார். ஹாஜரா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். போன நோன்புக்குப் பிறகு அவள் உம்மாவைப் பார்க்கவில்லை. ஒரே மகள்.

இவர் ஓடிப்போய்க் கொழும்புக்குத் தந்தி கொடுத்தார். "அவர் வரட்டும், சேந்து போவம்" என்றாள் ஹாஜரா. புருஷனைக் கேட்காமல் வாசல் தாண்டிப் பழக்கமில்லாதவள். மத்தியானம் போயிற்று. சாயங்காலமும் போயிற்று. சேகு முகம்மது கொழும்பில் எந்தக் கடையில் யாரைக் கெஞ்சிக்கொண்டிருந்தாரோ, தந்தி அவர் கைக்கு எட்டவில்லை. அன்று யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இடியப்பம் தட்டிலேயே காய்ந்தது.

அடுத்த நாள் விடிந்ததும் அவள் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அவர் வந்தா ஏசுவார். ஏசட்டும். உம்மா மவுத்தாப் பெய்த்தா என்னய ஏச யாரு ஈக்கி?"

பஸ் நிலையத்தில் இன்னொரு சங்கடம். மலைப்பாதையில் மண் சரிந்து கிடக்கிறது, கலஹாவுக்குக் கீழேயே நிற்க வேண்டியதுதான் என்றான் டிரைவர். அங்கிருந்து நடந்தால் பொழுது சாய்ந்துவிடும். இவர் யோசித்தார். "மூன்று சைக்கிளையும் பஸ் மேலே போட்டுக்கொண்டு போவோம். மண்ணைத் தாண்டி விட்டால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். தங்கச்சிக்குத்தான் சைக்கிள் வருமே." எங்களுக்கும் சரியென்று பட்டது. அவளுக்குச் சைக்கிள் வரும்தானே.

பஸ்ஸுக்குள் ஈரத்துணி நாற்றமும் வெற்றிலை நாற்றமும். முன் இருக்கையில் இரண்டு சிங்களக் கிழவிகள் பேசிக்கொண்டு வந்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று ஹாஜராவைக் கேட்டேன். "இந்த மழை கெழடுகளக் கூட்டிக்கொண்டு போக வந்த மழ எண்டு பேசிறாங்க" என்றாள். ஏன் கேட்டோம் என்றாகிவிட்டது. வழியில் இரண்டு இடத்தில் பஸ் மூச்சு வாங்கி நின்றது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். ஹாஜரா இருக்கையின் கம்பியைப் பிடித்தபடி, தானும் தள்ளுகிறவள் மாதிரி முன்னால் சாய்ந்தே இருந்தாள்.

மண் சரிந்த இடத்தில் ரோட்டு வேலை ஓவசியர் ஒருவர் குடையோடு நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"பஸ் இனி இஞ்சாலை அசையாது. நீங்கள் எங்கை போறியள்?"

இவர் சொன்னார். ஓவசியர் பஸ்ஸின் மேலிருந்து இறங்கிய சைக்கிள்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"இந்தப் பொம்பிளையளும் ஓடுவினமோ?"

"ஓடுவார்கள்."

"ஓம், ஓடட்டும். ஆனால் கவனம். தெல்தோட்டை வரையும் ரோட்டு நேராய் இராது, பாருங்கோ. மலையின்ரை இடுப்பைச் சுத்திச் சுத்தித்தான் போகும்."

அவருடைய ஆட்கள்தான் சைக்கிள்களைச் சேற்றுக்கு மேலாகத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள்.

ஹாஜரா ஏறினாள். மதிலில்லாத இடத்தில் அவள் சைக்கிள் விட்டது அதுதான் முதல் தடவை. இடது கைப்பக்கம் மலைச்சுவர், வலது கைப்பக்கம் தேயிலைச் சரிவு, நடுவில் நேராக ஒரு துண்டு ரோடு. கொஞ்ச தூரம் போனதும் திரும்பாமலே சொன்னாள்: "தாத்தா, மரமில்லாமலும் ஓடுதே." அந்த ஒரு நிமிஷம் அவள் குரலில் உம்மா இல்லை, மழை இல்லை. முதலில் வந்தது இடது வளைவு. வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி அழகாகத் திரும்பினாள். இவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பார்த்தாயா என்கிற மாதிரி.

அடுத்தது வலது வளைவு. ரோடு வலப்பக்கம் போயிற்று; ஹாஜரா நேரே போய் மலைச்சுவர் ஓரத்து வடிகாலில் விழுந்தாள்.

தூக்கி நிறுத்தினோம். சேறுதான், அடியில்லை. வழுக்கிவிட்டது என்று நினைத்தோம். இன்னும் இரண்டு வளைவு தாண்டியதும் மறுபடி அதே மாதிரி விழுந்தாள். இம்முறை முழங்கால் கிழிந்து ரத்தம் வந்தது.

"ஹேண்டிலை வலப்பக்கம் திருப்பு தங்கச்சி" என்றார் இவர்.

"கை திரும்புது நானா. ஒடம்பு திரும்புதில்ல."

சொல்லிவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். அப்போதுதான் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. இரண்டு வருஷமாக அந்த உடம்பு ஒரு பக்கம் மட்டுமே சாய்ந்து பழகியிருக்கிறது. ஈரப்பலா மரம் எப்போதும் இடப்பக்கம். இந்த மழையில், அரை நாளில், அதை யார் மாற்றுவது?

வேறு வழியில்லை. வலது வளைவு கண்ணில் பட்டதுமே இறங்குவாள்; தள்ளிக்கொண்டு நடந்து வளைவைத் தாண்டி மறுபடி ஏறுவாள். இடது வளைவில் விடுவாள். ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போனோம். மலையின் இடுப்பைச் சுற்றுகிற ரோட்டில் ஒன்று விட்டு ஒன்று வலது வளைவுதான். நானும் இவரும் முன்னால் போய் நிற்பதும் அவள் வந்து சேருவதுமாக நேரம் கரைந்தது. "நான் முன்னால் போய்ச் சொல்லட்டுமா?" என்றார் இவர். உம்மா வீட்டில் இவரை யாருக்கும் தெரியாது. இரண்டு பெண்பிள்ளைகளை அந்த வழியில் தனியாக விடவும் மனமில்லை. அப்படியே விட்டுவிட்டார்.

ஒரு லயத்துக்குப் பக்கத்தில் கொழுந்துக் கூடையைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு நின்ற ஓர் அம்மாள், "வாங்கம்மா, தொப்பலா நனைஞ்சிட்டீங்களே. ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். ஹாஜரா நிற்காமல் தள்ளிக்கொண்டு போனாள். அந்த அம்மாள் அவள் முதுகைப் பார்த்துவிட்டு என்னிடம், "தள்ளிக்கிட்டுப் போறதுக்கு எதுக்கும்மா சைக்கிளு? கைய வீசிக்கிட்டு நடந்தாலே முன்னாடி போயிறலாமே" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். நான் பாதி குடித்த தேத்தண்ணியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு ஹாஜராவுக்குப் பின்னால் சைக்கிளைத் தள்ளினேன்.

மத்தியானம் தாண்டிவிட்டது. ஊருக்கு இன்னும் ஒரு மலைமுனை இருக்கிறது என்று ஹாஜரா சொன்ன இடத்தில் மறுபடி ஒரு வலது வளைவு. அவள் இறங்கினாள். நாங்களும் இறங்கினோம். வளைவுக்கு அப்பாலிருந்து ஆண்கள் பலர் சேர்ந்து கலிமா ஓதுகிற சத்தம் வந்தது. பிறகு ஆட்கள் வந்தார்கள். தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, வேகவேகமாக, ஒரு சந்தூக்கைத் தோளில் சுமந்து வந்தார்கள். சந்தூக்கு என்றால் அவர்கள் மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, வைத்துக் கொண்டுபோகும் பெட்டி.

"வேற ஊரு மையத்து" என்றாள் ஹாஜரா மெதுவாக. "எங்கட மையவாடி அங்கால, ஊருக்குள்ளயே ஈக்கி." மையவாடி என்றால் அடக்கம் செய்கிற இடம்.

அவர்கள் வழக்கம், ஆண்கள் கூட்டம் வந்தால் பெண்கள் ஒதுங்கித் திரும்பிக்கொள்வது. அவள் சைக்கிளை மலைச்சுவரில் சாத்திவிட்டு, முக்காட்டைப் பின்கழுத்து தெரிய முன்னால் இழுத்து முகத்தை மூடி, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். இவர் தலைப்பாகையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ரோடு அந்த இடத்தில் ஒடுக்கம். பச்சைத் துணி போர்த்திய சந்தூக்கு எங்களை ஒட்டித்தான் போயிற்று. ஓதல் சத்தம் கீழ்வளைவில் மறைகிற வரைக்கும் ஹாஜரா திரும்பவில்லை.

வீட்டு வாசலில் ஊதுபத்தி வாசனையும் சூடன் வாசனையும் சேர்ந்து வந்தது. உள்ளே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உம்மாவின் தங்கை எழுந்து வந்து ஹாஜராவைப் பார்த்தாள். அவளுடைய சேற்றைப் பார்த்தாள்.

"இப்பத்தானே மவளே, உம்மாவக் கொண்டுபோனாங்க. வழியில காணல்லயா?"

ஊர் மையவாடிக்குப் போகிற பாதையை ஓடை அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். அதனால்தான் கீழேயிருக்கிற அடுத்த பள்ளிவாசலின் மையவாடிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். விடிகிற நேரத்தில் உயிர் போயிருக்கிறது. கண்டி மகள் வருவாள் என்று முகத்தை மூடாமல் வெகுநேரம் காத்திருந்தார்கள். மழை வலுக்கிறது, இனியும் வைத்திருக்கக் கூடாது என்று பள்ளிவாசல் லெவ்வை சொன்ன பிறகுதான் எடுத்தார்கள்.

இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு இறக்கத்தில் பறந்தார். போய் நிற்கச் சொல்லலாம் என்ற எண்ணம்தான். திரும்பி வந்தபோது தள்ளிக்கொண்டு வந்தார். வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டு, "மண் போட்டாகிவிட்டது" என்றார். நான் உள்ளே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

சுமந்து போய்த் திரும்பிய ஒருவர் பிறகு சொன்னாராம்: "வழியில சைக்கிளோட பொம்புளயள் நிண்டாங்க. தோட்டத்து மருத்துவச்சியாக்கும் எண்டு நெனச்சம்." அவர் ஹாஜராவைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரிந்தவர். திரை போட்ட வண்டியில் வருகிற மகளைத்தான் அவர்கள் வழியெல்லாம் தேடிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அக்கம்பக்கத்தார் சோறும் பருப்பும் கொண்டுவந்தார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான்; அந்த ஒன்றில் மட்டும் ஊருக்கு ஊர் வித்தியாசம் இல்லை. மறுநாள் சாயங்காலம், பிந்திக் கிடைத்த தந்தியோடு, சேகு முகம்மது கால்நடையாக வந்து சேர்ந்தார். சுவரில் சாத்தியிருந்த மூன்று சைக்கிளையும் பார்த்துக்கொண்டு நின்றார். ஏசப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவரோ இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கூட ஈந்ததால சரி. இல்லாட்டி தனியா வந்திருப்பா" என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்றாம் நாள் ஓதல் முடிந்தது. சேகு முகம்மது வீட்டுக் காரியங்களைப் பார்க்கத் தங்கினார். "கட பூட்டிக் கெடக்கு. நீங்க வந்த மாதிரியே போங்க, நான் வாரன்" என்று எங்கள் மூவரையும் அனுப்பிவைத்தார். மழை விட்டிருந்தது. மேகம் சரிவில் படுத்துக் கிடந்தது.

திரும்புகிற வழியில் எல்லாம் தலைகீழ். வரும்போது அவள் தள்ளி நடந்த வளைவெல்லாம் இப்போது இடது வளைவு. அவற்றில் ஒன்றிலும் இறங்க வேண்டியதில்லை; வரும்போது விட்டவற்றில்தான் இப்போது இறங்க வேண்டும். மலைமுனையிலிருந்து கீழே ஒரே ஓட்டமாக வந்தாள், எங்களுக்கு முன்னால். அவ்வளவு நன்றாக அவள் விட்டு நான் பார்த்ததில்லை. பார்க்க முடியவுமில்லை.

அந்த ஒடுக்கமான வளைவு வந்தது. அவளுக்கு அது இடது வளைவு, இறங்கத் தேவையில்லை. இறங்கினாள். இவர் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

"தாத்தா, நீங்க திரும்பல்லதானே? பாத்தீங்கதானே?"

"பார்த்தேன்."

"எப்பிடிப் போனாங்க?"

சொன்னேன். வேகமாகப் போனார்கள், ஆனால் ஆட்டாமல் கொண்டுபோனார்கள் என்றேன். முன்னால் சுமந்தவர்களில் ஒருவர் காலில் செருப்பில்லை என்றேன். பச்சைத் துணி நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது என்றேன்.

"கிட்டவா போச்சு?"

"ரொம்பக் கிட்ட. அந்தத் துணியின் நுனி உன் கழுத்தில் பட்டுக்கொண்டு போயிற்று." ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஹாஜரா வலது கையைத் தூக்கிப் பின்கழுத்தில் வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"குளிர்ச்சியா ஒண்டு பட்டிச்சு தாத்தா. அட்டையாக்கும் எண்டு நெனச்சி, நான் தட்டிவிட்டேன்."

தட்டிவிட்டதையும் நான் பார்த்திருந்தேன். அதை மட்டும்தான் அவளிடம் சொல்லாமல் விட்டிருந்தேன்.

அதன் பிறகு அவள் சைக்கிளில் ஏறவில்லை. இடது வளைவு, வலது வளைவு, நேர் ரோடு எல்லாவற்றிலும் தள்ளிக்கொண்டே வந்தாள். மண் சரிந்த இடம் வரைக்கும் நாங்களும் தள்ளிக்கொண்டே வந்தோம்.